சுகாதார இணையத்தளங்களில் பயனர் திருப்தி: கொழும்பில் முதன்முறை ஆய்வு செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

பட்டப்படிப்புக்கோ டிப்ளோமாவுக்கோ, அல்லது வேலை செய்யும் நிறுவனம் கேட்டதாலோ, "இணையத்தில் கிடைக்கும் சுகாதாரத் தகவலில் மக்களுக்குத் திருப்தியா?" என்று பார்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். கேட்பதற்கு இலேசான தலைப்பு. பத்துக் கேள்வி எழுதி, கூகுள் போர்மில் ஏற்றி, வட்ஸ்அப் குழுக்களில் தட்டிவிட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் போலத் தெரியும். முடியாது. கொழும்பில் தமிழ் பேசுபவர்களிடம் இதைச் செய்து முடிப்பதற்குள் நான் அலைந்த அலைச்சலில் பெரும்பகுதி, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று சொல்ல ஆளில்லாததால் வந்தது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

ஒன்றை முன்னமே சொல்லிவிடுகிறேன். திருப்தி வேறு, சரியான தகவல் வேறு. எழுத்துப் பெரிதாக, படம் அழகாக, வசனம் சின்னதாக இருக்கும் பக்கத்துக்கு மக்கள் தாராளமாகப் புள்ளி போடுவார்கள். அதில் சொல்லியிருப்பது பிழையாக இருந்தாலும் போடுவார்கள். சரி எது, பிழை எது என்று தெரியாததால்தானே தேடவே வந்தார்கள்? ஆகவே திருப்தியை மட்டும் அளந்துவிட்டு வருவது அரைவேலை. இரண்டையும் தனித்தனியே அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

1. எந்தத் தளம், எந்த ஆட்கள் என்று முதலில் முடிவெடுங்கள்

"சுகாதார இணையத்தளங்களை நீங்கள் பாவிப்பதுண்டா?" என்று பொதுவாகக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் "ஓம், கூகுளில் பார்ப்பேன்" என்பார்கள். கூகுளில் எந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்று கேட்டால் நினைவிருக்காது. யூடியூப் காணொளி, பேஸ்புக் பதிவு, மாமி அனுப்பிய வட்ஸ்அப் செய்தி எல்லாம் அந்த "கூகுளுக்குள்" அடங்கும். இப்போது தேடல் முடிவுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கமும் வந்துவிடுவதால், எந்தத் தளத்துக்குள்ளும் போகாமலே பதிலோடு திரும்புபவர்களும் உண்டு. இப்படி ஞாபகத்தில் இருந்து சொல்லும் திருப்தியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் மூன்று அல்லது நான்கு தளங்களை நீங்களே தெரிவுசெய்து, அவற்றைப் பங்குபற்றுபவரின் கையில் கொடுத்துப் பார்க்கச் செய்யுங்கள். ஒன்று அரச தளமாக இருக்கட்டும். சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தினுடையது பொருத்தம். இன்னொன்று உலக சுகாதார நிறுவனம் போன்ற சர்வதேசத் தளம். மூன்றாவது, தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்கும் ஏதாவது ஒரு தனியார் பக்கம். அது பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தளமாக இருக்கும். பக்கங்களைத் தெரிவுசெய்த அன்றே முழுவதையும் பீடிஎப் ஆகச் சேமித்துத் திகதி போட்டு வையுங்கள். தளங்கள் மாறும், ஆய்வின் நடுவில் பக்கம் மாறிவிட்டால் முன்னர் பார்த்தவரும் பின்னர் பார்த்தவரும் வேறு வேறு பொருளுக்குப் புள்ளி போட்டதாகிவிடும்.

ஆட்கள் விடயத்திலும் இதே தெளிவு வேண்டும். கொழும்புத் தமிழ் பேசுபவர் என்றால் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் மட்டுமல்ல. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, மருதானை, தெமட்டகொடை எல்லாம் இருக்கின்றன. தமிழ் பேசும் முஸ்லிம்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், வடக்குக் கிழக்கிலிருந்து சிகிச்சைக்காக வந்து உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் என்று பல வகை. யாரைச் சேர்க்கிறீர்கள், யாரைச் சேர்க்கவில்லை என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்த்தால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். முதல் ஆய்வுக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை.

2. அளவுகோலை நீங்களாக உருவாக்க வேண்டாம்

சொந்தமாகக் கேள்வி எழுதினால் "இது எதை அளக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று பரீட்சகர் கேட்பார், பதில் இருக்காது. ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை இருக்கின்றன.

திருப்திக்கு: டோல், டோர்க்சாதே இருவரும் 1988இல் வெளியிட்ட இறுதிப்பயனர் திருப்தி அளவுகோல். 12 கேள்விகள், உள்ளடக்கம், துல்லியம், வடிவமைப்பு, பாவிக்க இலகு, காலத்துக்கேற்ற தன்மை என்று ஐந்து பகுதிகள். இதில் "துல்லியம்" என்பது பயனர் நினைக்கும் துல்லியம்தான், உண்மையான துல்லியம் அல்ல என்பதை மறக்கக் கூடாது.

பாவிக்க எவ்வளவு வசதி என்பதற்கு: எஸ்.யு.எஸ் (System Usability Scale) எனப்படும் 10 வாக்கியங்கள். ஜோன் புரூக் 1996இல் வெளியிட்டது. சின்னது, இலவசம், எல்லோரும் அறிந்தது.

தகவலின் தரத்துக்கு: டிசேர்ன் (DISCERN), 1999இல் வந்தது, 16 கேள்விகள். இதைப் பொதுமக்களிடம் கொடுக்க வேண்டாம். நீங்களும் மருத்துவப் பின்னணி உள்ள இன்னொருவரும் தனித்தனியாகப் புள்ளியிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். சிகிச்சை பற்றி எழுதிய பக்கங்களுக்கே இது செய்யப்பட்டது என்பதால், நோய்த்தடுப்பு மட்டும் பேசும் பக்கத்துக்குப் போட்டால் பாதிக் கேள்வி பொருந்தாது.

இணையத்தில் சுகாதாரத் தகவல் தேடிப் பாவிக்கும் தன் திறனைப் பங்குபற்றுபவரே எப்படி மதிக்கிறார் என்பதற்கு: ஈஹீல்ஸ் (eHEALS), 2006, 8 கேள்விகள்.

இரண்டு பொறிகள் இங்கே. நம்பகமான சுகாதாரத் தளங்களுக்கு முன்னர் வழங்கப்பட்ட ஹொன்கோட் (HONcode) முத்திரை இருக்கிறதா பார் என்று பழைய கட்டுரைகள் சொல்லும். அதை வழங்கிய ஜெனீவா நிறுவனம் 2022 முடிவில் மூடப்பட்டது. இன்று அதைத் தர அளவாக எடுக்க முடியாது. அடுத்தது வாசிப்பு எளிமையைக் கணக்கிடும் பிளெஷ் போன்ற சூத்திரங்கள். அவை ஆங்கில அசைகளையும் ஆங்கில வசன நீளத்தையும் வைத்துக் கட்டப்பட்டவை. தமிழ்ப் பக்கத்தைப் போட்டாலும் கருவி ஏதோ ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது.

ஒவ்வொரு அளவுகோலையும் பாவிக்க அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். வேண்டுமென்றால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். இதை இன்றே செய்யுங்கள், பதில் வர வாரக்கணக்காகலாம்.

3. பார்க்கச் சொல்லாதீர்கள், ஒரு வேலை கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் எடுப்பீர்கள் என்றால் இதை எடுங்கள்.

"இந்தத் தளத்தைப் பாருங்கள், எப்படி இருக்கிறது?" என்றால் "நல்லா இருக்கு" என்பார்கள். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் ஒரு நிலைமையைச் சொல்லி, தளத்திலிருந்து விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கொழும்புக்கு டெங்கு நல்ல பொருள். 2017இல் மட்டும் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டவர்கள் பதிவானார்கள். அந்த நோயைத் தெரியாத வீடு இங்கே இல்லை.

நிலைமை இப்படி இருக்கலாம்: "உங்கள் வீட்டில் ஒருவருக்கு டெங்கு. நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. இனிப் பயமில்லையா? உடம்பு வலிக்கு ஐபுபுரோபன் கொடுக்கலாமா?" சரியான விடை இரண்டுக்கும் உண்டு. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்கலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, சோர்ந்து மயங்குதல், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே வைத்தியசாலை. ஐபுபுரோபன், அஸ்பிரின், டைக்குளோபெனாக் வகை வேண்டாம். பரசிற்றமோல்தான், அதுவும் அளவோடு.

தளத்துக்குப் போக முன்னர் ஒருமுறை, பார்த்த பிறகு ஒருமுறை இதே கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறியுங்கள். அப்புறம்தான் திருப்திக் கேள்விகள். இப்படிச் செய்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு விடயம் கிடைக்கும்: திருப்தியா, சரியான விடையோடு போனாரா.

இன்னொன்று. ஒருவர் பிழையான விடையோடு எழுந்து வீட்டுக்குப் போக விடக் கூடாது. நாளைக்கு அவர் வீட்டில் உண்மையாகவே டெங்கு வரலாம். முடிவில் எல்லோருக்கும் சரியான விடைகள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, வாய்விட்டும் சொல்லுங்கள். அதில் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் எண்ணையும் போடுங்கள். அந்தத் தாளை ஒரு வைத்தியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வைத்தால், 5ஆம் படியில் எதிக்ஸ் (ஆய்வு நெறிமுறை) அனுமதிக் குழு கேட்கும்போது நிம்மதி.

4. மூன்று மொழியில் ஆவணங்கள்

வேண்டியவை: ஆய்வு முன்மொழிவு, தகவல் தாள், சம்மதப் படிவம், வினாக்கொத்து, வேலை கொடுக்கும் தாள், விடைத் தாள், செலவுத் திட்டம், உங்கள் விபரக்கோவை, மேற்பார்வையாளரின் கடிதம். தகவல் தாள், சம்மதப் படிவம், வினாக்கொத்து மூன்றையும் குழுக்கள் பொதுவாகத் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் கேட்கும். "என் ஆட்கள் தமிழர் மட்டும்" என்றால் அதை முன்மொழிவில் தெளிவாக எழுதி, சிங்களப் பிரதி தேவையா என்று அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்பை ஒருவர் செய்ய, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் வைத்து வித்தியாசத்தைத் திருத்துங்கள். சட்டத்தரணி அலுவலகத் தமிழில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருப்பவர் ஒருதடவை வாசித்தால் விளங்க வேண்டும்.

ஒரு சின்னப் பொறி, ஆனால் நாட்களைத் தின்னும். இங்கே தட்டச்சு செய்யும் கடைகளிலும் சில மொழிபெயர்ப்பாளர்களிடமும் இன்னும் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருதான். அந்தக் கோப்பைக் கூகுள் போர்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்து நிற்கும். வேலை கொடுக்கும்போதே "யுனிகோட்டில் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

5. எதிக்ஸ் அனுமதி

கேள்வி கேட்பதற்கு எதற்கு எதிக்ஸ் என்று சிலர் நினைப்பார்கள். சுகாதாரம் சம்பந்தப்பட்டு மனிதரிடம் தரவு எடுத்தால் வேண்டும். முக்கியமாக, தரவு எடுத்த பிறகு இதை வாங்க முடியாது. முதல் ஆளிடம் முதல் கேள்வி கேட்பதற்கு முன்னால் கடிதம் கையில் இருக்க வேண்டும். பின்னாளில் ஏதாவது சஞ்சிகைக்கு அனுப்பினால் முதலில் கேட்பது அந்த அனுமதி இலக்கத்தைத்தான்.

பல்கலைக்கழக மாணவர் என்றால் உங்கள் பீடத்தின் குழு. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் குழு கின்சி வீதியில். பல்கலைக்கழகம் சாராதவர்கள் கொழும்பு 7, விஜேராம மாவத்தையிலுள்ள இலங்கை மருத்துவச் சங்கத்தின் குழுவையும் விசாரிக்கலாம். ஒரே ஆய்வை ஒரே நேரத்தில் இரண்டு குழுக்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

குழுக்கள் பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும். அதற்கு முன் ஒரு கடைசித் திகதி இருக்கும். அந்தத் திகதியை ஒரு நாள் தவறவிட்டால் ஒரு மாதம் போனது. ஆபத்துக் குறைந்த ஆய்வுகளுக்கு விரைவு மீளாய்வு உண்டு, ஆனால் உங்களுடையது அந்த வகையா என்று தீர்மானிப்பது அவர்கள். முதல் தடவையே அனுமதி வருவது அரிது. திருத்தக் கேள்விகள் வரும், பதில் எழுதித் திரும்பக் கொடுக்க வேண்டும். இதற்கு மட்டும் இரண்டு மூன்று மாதத்தை ஒதுக்கி வையுங்கள்.

அதிகம் திருப்பி அனுப்பப்படுவது எதற்காக என்றால், தரவுப் பாதுகாப்பு பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுவதால். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாக எடுக்கிறது. அடையாள அட்டை இலக்கம் கேட்க வேண்டாம். பெயரும் தேவையில்லை. நன்றிக்கு ரீலோட் அனுப்பத் தொலைபேசி எண் வேண்டுமென்றால், அதை விடைகளோடு சேராத வேறொரு தாளில் எழுதி, அனுப்பியவுடன் அழிப்பதாக எழுதுங்கள். யார் பார்ப்பார்கள், எங்கே பூட்டி வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

6. இடமும் நாளும்

வைத்தியசாலைக் காத்திருப்புக் கூடம் இலகுவான இடம் போலத் தெரியும். ஆனால் எதிக்ஸ் கடிதத்துக்கு மேல் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டும்; கிளினிக்குக்கு விடியவே வந்து இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் ஒருவர், தன் பெயரைக் கூப்பிடுவார்களோ என்ற பதற்றத்தில் பதில் சொல்லுவார். நூலகம், சனசமூக நிலையம், கோயில் மண்டபம், பள்ளிவாசல் மண்டபம், தொழிற்பயிற்சி வகுப்பு போன்றவை நிதானமாக அமர வசதி. எங்கே போனாலும் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து, "அனுமதி" என்று எழுதிக் கையெழுத்திட்ட பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தில் வாய்ச்சொல்லாகச் சரி என்றுவிட்டு, ஆள் மாறியதும் வாசலிலேயே நிறுத்தினார்கள்.

நாட்காட்டியை எடுத்து வைத்துத் திட்டமிடுங்கள். போயா தினங்கள், சித்திரைப் புத்தாண்டுக் கிழமை, வெசாக், நோன்பு மாதம், ஆடிவேல், தீபாவளி, பரீட்சைக் காலம். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஆண்கள் கிடைக்க மாட்டார்கள். பெண்களிடம் பேச ஒரு பெண் உதவியாளர் இருந்தால் வேலை சட்டென்று நடக்கும்.

7. செலவு

எல்லோரும் மறப்பது தாள். தகவல் தாள் இருபக்கமும் அச்சிட்டு ஒன்று, சம்மதப் படிவம் இரண்டு (ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு), வினாக்கொத்து இருபக்கமாக இரண்டு, விடைத் தாள் ஒன்று: ஆளுக்கு ஆறு தாள். 100 பேருக்கு 600. ஒரு ரீம் போதாது. மொத்தமாக அடிக்கும்போது விலை குறைப்பார்களா என்று பல்கலைக்கழக வாசல்களுக்கு அருகிலுள்ள போட்டோகொப்பிக் கடைகளில் கேளுங்கள். ஆனால் எதிக்ஸ் கடிதம் வரும்வரை அடிக்கவே வேண்டாம், குழு ஒரு சொல்லை மாற்றினாலும் முழுக்கட்டும் வீண்.

மற்றவை: மொழிபெயர்ப்பு, குழுவின் கட்டணம், பஸ் மற்றும் முச்சக்கரவண்டி, உதவியாளர் கொடுப்பனவு, டேட்டா. பங்குபற்றுபவரின் டேட்டாவைச் செலவழிக்க வைக்காதீர்கள். உங்கள் போனிலிருந்தே இணைப்புக் கொடுங்கள். நன்றிக்கு ஏதாவது கொடுப்பதென்றால் தொகையைத் தகவல் தாளில் எழுதுங்கள். நேரத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். காசுக்காகவே ஒருவர் வந்து உட்காரும் அளவுக்குப் போகக் கூடாது.

8. முன்னோட்டம்

உங்கள் ஆட்களை ஒத்த பத்துப் பேரிடம் செய்து பாருங்கள். ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துவிட்டு "இது என்ன கேட்கிறது என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேள்வித்தாள் எங்கே உடைகிறது என்று உடனே தெரியும். இந்தப் பத்துப் பேரையும் கடைசிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திருத்தம் செய்தால் குழுவுக்கு அறிவியுங்கள்.

9. சேகரிக்கும்போது

கூகுள் போர்ம் என்றால் இரண்டு அமைப்பைப் பாருங்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்பதை இயக்கினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். கடவுச்சொல் மறந்தவர்கள் அந்த இடத்திலேயே போய்விடுவார்கள். மின்னஞ்சல் சேகரிப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பெயர் தெரியாது என்று நீங்கள் கொடுத்த வாக்குப் பொய்.

எத்தனை பேர்? எல்லோரும் 384 அல்லது 385 என்பார்கள். அது எழுந்தமானமாக, குலுக்கல் முறையில் ஆட்களைத் தெரிவுசெய்யும் ஆய்வுக்கு, 95 வீத நம்பிக்கையும் 5 வீத வழுவும் வைத்து வரும் எண். கிடைத்த ஆட்களைப் பிடித்து 384 பேரைச் சேர்த்ததால் மட்டும் அது கொழும்பின் பிரதிநிதி ஆகாது. "வசதி மாதிரி", அதாவது கிடைத்தவர்களைச் சேர்த்தது, என்று நேர்மையாக எழுதி, 100 பேரிடம் ஒழுங்காக, உட்கார வைத்துச் செய்வது எவ்வளவோ மேல்.

10. கணக்கு

கூகுளிலிருந்து இறக்கிய கோப்பை எக்செல்லில் நேரே திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம். கோப்பு பழுதில்லை; தரவு இறக்குமதி வழியாக, யூடிஎப்-8 என்று தெரிவுசெய்து திறவுங்கள்.

எஸ்.யு.எஸ் கணக்கு: ஒற்றை எண் வாக்கியங்களில் விடையிலிருந்து 1ஐக் கழியுங்கள், இரட்டை எண் வாக்கியங்களில் 5இலிருந்து விடையைக் கழியுங்கள், பத்தையும் கூட்டி 2.5ஆல் பெருக்குங்கள். ஒற்றைக்கெல்லாம் 4, இரட்டைக்கெல்லாம் 2 போட்டவருக்கு 75 வரும். இது வீதம் அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி 68க்குப் பக்கம். 60 வந்தால் "பாதிக்கு மேல் திருப்தி" என்று எழுதிவிடாதீர்கள், அது சராசரிக்குக் கீழ்.

வாசிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டவருக்கு, அது 1 ஆனாலும் 5 ஆனாலும், மிகச் சரியாக 50 வரும். ஏனென்றால் ஒன்றுவிட்ட ஒரு வாக்கியம் எதிர்மறை. ஆகவே தரவில் 50கள் குவிந்திருந்தால் அந்தத் தாள்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எதிர்மறை வாக்கியங்கள் குழப்புகின்றன என்று முன்னோட்டத்திலேயே தெரிந்தால், எல்லாம் நேர்மறையாக எழுதிய வடிவமும் உண்டு. புள்ளியில் பெரிய வித்தியாசம் வருவதில்லை என்று 2011இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக நான்கு கட்டம் போடுங்கள். திருப்தி–சரியான விடை, திருப்தி–பிழையான விடை, திருப்தியில்லை–சரியான விடை, திருப்தியில்லை–பிழையான விடை. இரண்டாவது கட்டத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள்: எந்தத் தளம், என்ன மொழி, ஈஹீல்ஸ் புள்ளி என்ன. மூன்றாவதையும் விடாதீர்கள். சரியான தகவலை வைத்துக்கொண்டே மக்களைக் களைக்க வைக்கும் தளம் எது என்று அங்கேதான் தெரியும். பெரும்பாலும் அதைத் திருத்துவது சுலபம்.

11. முடிந்த பிறகு

எதிக்ஸ் குழுவுக்கு இறுதி அறிக்கை கொடுக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில் எப்போது என்று இருக்கும், பலர் வாசிப்பதில்லை. இடம் தந்த நிர்வாகங்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம் தமிழில் அனுப்புங்கள். அடுத்த மாணவர் வரும்போது கதவு திறக்கும். தளங்களை நடத்துபவர்களுக்கு அனுப்பும்போது புள்ளி அட்டவணையை மட்டும் அனுப்பாமல், மக்கள் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் பிழையாக விளங்கினார்கள் என்பதைத் ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். தொலைபேசி எண் தாளை அழித்த திகதியைக் கோப்பில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.